துறையை மூடினால் மீன் தப்பாது: ஏரிக்கரை நகரசபை ஒன்றுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நகரசபைத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

ஏப்ரல் நடுப்பகுதியில் உங்கள் ஊர் இறங்குதுறையின் வாசலில் ஓர் அறிவித்தல் பலகை நட்டிருக்கிறீர்கள். துறையிலிருந்தும் அதன் இருபக்கக் கரையிலிருந்தும் மீன் பிடிக்கத் தடை, ஆண்டு முழுவதும் தடை, மீறினால் அபராதம். காரணம் கேட்டு எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது: பருவம் (பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிற காலம்) திறக்குமுன் பாஸ் மீன் பிடிக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள், வாகனங்களைக் கண்டபடி நிறுத்துகிறார்கள்.

இந்த முடிவை ஏற்க முடியாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும். தமிழிலும் வெளியிடுவதற்குக் காரணம், டொரொன்டோப் பக்கம் இருக்கிற ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் அந்தத் துறைக்கு வருகிறவர்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். அவர்களிடம் சொல்லவும் எனக்குச் சில உண்டு. ஊரின் பெயரை இங்கே போடவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் கவார்த்தா ஏரிகளின் பக்கம் அடுத்து எந்த ஊரில் இதே பலகை முளைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் மீனைப் பற்றிப் பேசுவோம். பாஸைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை என்றால் நான் உங்கள் பக்கம் நிற்க வேண்டியவன். வசந்தத்தில் தண்ணீர் 15 பாகை செல்சியசைத் தாண்டத் தொடங்கியதும் ஆண் லார்ஜ்மவுத் பாஸ், அதாவது பெரிய வாய்ப் பாஸ், கரையோரம் வரும். முழங்கால் அளவு, இடுப்பளவு தண்ணீரில் வாலால் சேற்றையும் சருகையும் விலக்கி, வட்டமாக ஓர் இடத்தைத் துப்புரவாக்கும். அதுதான் கூடு. பெண் மீன் முட்டையிட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடும். அதன்பிறகு எல்லாம் ஆணின் பாடுதான். முட்டை பொரித்து, குஞ்சுகள் தாமாகத் திரியத் தொடங்கும் வரை சில வாரங்களுக்கு அது அந்த இடத்தை விட்டு அசையாது, சரியாகச் சாப்பிடவும் செய்யாது. கிட்ட வருகிற எதையும் விரட்டும். அந்த நேரம் பார்த்து ஒருவன் தூண்டில் முள்ளில் கோத்த றப்பர் புழுவைக் கூட்டின் நடுவில் இறக்கினால், விரட்டுகிற வேகத்தில் வாயால் கவ்வும். அதைப் பிடிக்க ஒரு திறமையும் தேவையில்லை.

தண்ணீரின் பளபளப்பை மறைக்கிற போலரைஸ்ட் கண்ணாடி ஒன்று போட்டுக்கொண்டு நின்றால் இதெல்லாம் கண்ணுக்கு வடிவாகத் தெரியும். ஆண் மீனைத் தூக்கிய மறுகணமே சன்ஃபிஷ் என்ற சின்ன மீன்களின் கூட்டம் உள்ளே புகுந்துவிடும். படம் எடுத்துவிட்டு மீனைத் திரும்ப விட்டாலும், அது கூட்டுக்கு வந்து சேருவதற்குள் முட்டையில் ஒரு பங்கு போய்விடும். சில மீன்கள் களைத்துப்போய்க் கூட்டையே கைவிடும். கிழக்கு ஒன்ராறியோவில் ஒப்பினிக்கன் ஏரியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஏரிகளில் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் இறங்கிக் கூடு கூடாகப் பார்த்து எழுதிவைத்திருக்கும் விஷயம் இது.

வன்னிக் குளங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதினமில்லை. விராலும் இப்படித்தான். மேலே செந்நிறக் குஞ்சுக் கூட்டம் குமிழியிட்டுக்கொண்டிருக்கும், கீழே பெரியது காவலுக்கு நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் தவளையை விட்டு விராலைத் தூக்குகிறவனை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நல்ல வார்த்தையில் திட்டியதாக எனக்கு நினைவில்லை.

ஆகவேதான் மாகாணம் பருவம் வைத்திருக்கிறது. கவார்த்தா ஏரிகள் அடங்குகிற 17ஆம் மீன்வள வலயத்தில் பாஸ் பருவம் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை திறந்து டிசம்பர் 15 வரை போகும். அதற்கு முன் தெரிந்துகொண்டே பாஸைக் குறிவைப்பது குற்றம். திருப்பி விடத்தானே போகிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது. தற்செயலாக மாட்டினால் உடனே விட வேண்டும். இந்தச் சட்டம் துறையில் நிற்கிறவனுக்கும் பொருந்தும், படகில் நிற்கிறவனுக்கும் பொருந்தும், சொந்தக் கொட்டேஜின் (ஏரிக்கரை விடுமுறை வீட்டின்) படகு மேடையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறவனுக்கும் பொருந்தும். உங்கள் பலகையோ இந்த மூன்று பேரில் ஒருவனை மட்டும் எழுப்பி அனுப்புகிறது.

அதுவும் கூடுகள் குறைவான இடத்திலிருந்து எழுப்புகிறது. துறையின் நுனியில் தண்ணீர் ஆளுயரத்துக்கு மேல். அங்கே பாஸ் கூடு கட்டுவது அரிது. கூடுகள் இருப்பது கிழக்குப் பக்கத்து நாணல் வளைவில், கொட்டேஜ்களின் மேடைகளுக்குக் கீழே, அப்புறம் படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்தில் இருக்கிற பருமணல் திட்டில். துறையில் நின்று எவ்வளவு பலமாக வீசினாலும் இவற்றில் பாதிக்குத் தூண்டில் எட்டாது. படகு எல்லாவற்றுக்கும் எட்டும்.

மே கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, துறை வாங்கில் மிதவை போட்டுக்கொண்டு இருந்தார். எழுபதைத் தாண்டியவர். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இங்கே லைசென்ஸ் தேவையில்லை, அடையாள அட்டை இருந்தால் போதும். முள்ளில் அரைத் துண்டு மண்புழு, குறி சன்ஃபிஷ். சன்ஃபிஷுக்கு இந்த வலயத்தில் மூடிய பருவமே கிடையாது. பிடித்தால் நாலைந்தைக் கொண்டுவந்து செதில் சுரண்டி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரிப்பார். அவருடைய வசந்தம் அவ்வளவுதான். நகரசபை அலுவலர் ஒருவர் வந்து பலகையைக் காட்டினார். மாமாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. லைசென்ஸ் கேட்கிறார் என்று நினைத்துச் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். அலுவலர் அதைப் பார்க்கவேயில்லை. பலகையை மறுபடி காட்டினார். நான் வாகனத்திலிருந்து ஓடி வந்து விளங்கப்படுத்தி, நூலைச் சுற்றவைத்தேன்.

அதே நேரம், நாங்கள் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், ஒரு பாஸ் படகு மின்மோட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டு நாணல் ஓரமாக நகர்ந்தது. முன்மேடையில் நின்றவர் கூடுகளின் வெளிர் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வீசினார். எதற்காக வீசுகிறார் என்று தண்ணீரைத் தெரிந்த எவருக்கும் விளங்கும். அலுவலருக்கு அதைக் காட்டினேன். அது மாகாணத்தின் விஷயம், நகரசபையுடையது அல்ல என்றார். சரியான பதில்தான். பாஸ் பருவம் மாகாணத்தின் விஷயம் என்றால், வாங்கில் இருந்த கிழவரின் சன்ஃபிஷ் மட்டும் எப்படி நகரசபையின் விஷயமாயிற்று?

துறை உங்களுடையது. அதில் எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று முடிவு செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பருவத்தை வகுப்பது மத்திய அரசின் மீன்வளச் சட்டத்தின் கீழ் ஒன்ராறியோவுக்கென்று எழுதிய விதிகள். அவற்றை அமல்படுத்துவது மாகாண இயற்கைவள அமைச்சின் கொன்சர்வேஷன் அலுவலர்கள், அதாவது மீன், காட்டுயிர்ச் சட்டக் காவலர்கள். படகை மறித்துப் பெட்டியைத் திறந்து பார்க்கிற அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அவர்கள் ஒருதடவை எங்கள் துறைக்கு வந்தார்கள். எல்லாருடைய லைசென்ஸையும் பார்த்தார்கள், வாளிக்குள் கைவிட்டு எண்ணினார்கள், ஒருவருக்கு அபராதச் சீட்டு எழுதினார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சீட்டு வாங்கியவர் தமிழர். அவருக்குக் கிடைத்தது சரிதான் என்று அங்கேயே சொன்னவர்களும் தமிழர்கள். எங்களுக்கு வேண்டியது அந்தச் சோதனை. அதைக் கேட்டு நீங்கள் அமைச்சுக்கு எழுதினீர்களா என்று உங்கள் அலுவலகத்தைக் கேட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

படகுச் சரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நீங்கள் மூடவில்லை. மே மாதம் முழுக்கப் படகுகள் ஏறி இறங்குகின்றன. திரும்பி வருகிறவர்களில் பலர் படகை வின்ச்சால் (கயிறு சுற்றும் பொறியால்) இழுப்பதில்லை; எஞ்சினை முடுக்கி நேராக ட்றெயிலரில் ஏற்றிவிடுவார்கள். ப்ரொப்பெல்லர் கிளப்புகிற நீரோட்டம் அடியில் கிடக்கிற மணலை அள்ளி எறிகிறது. சரிவின் நுனியில் குழி விழுவதும் அதற்கப்பால் மேடு எழுவதும் இதனால்தான். அந்தக் குழியைக் கொங்கிறீட் போட்டு அடைக்க வேண்டியது நீங்கள்தான், அது உங்களுக்கே தெரியும். பக்கத்து மணல் திட்டில் இருக்கிற கூடுகளுக்கு என்ன நடக்கும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? எஞ்சினால் ஏற்றாதீர்கள் என்று ஒரு சின்னப் பலகைகூட அங்கே இல்லை.

பருவம் திறக்கிற வார இறுதியில் அதே துறையில் ஒரு பாஸ் போட்டிக்கு நீங்கள் அனுமதி கொடுத்திருப்பதாக அறிகிறேன். போட்டிகளுக்கு நான் எதிரியில்லை. ஆனால் பாஸுக்காகக் கவலைப்படுகிற சபை ஒரு விஷயத்தை யோசித்திருக்கலாம். ஜூன் மூன்றாம் சனிக்கிழமை வந்துவிட்டதா என்று தண்ணீர் நாட்காட்டி பார்ப்பதில்லை. குளிர் நீண்ட ஆண்டுகளில் அந்த வாரத்திலும் சில ஆண் மீன்கள் குஞ்சுகளோடு நிற்கும். அவற்றைப் பிடித்துப் படகுத் தொட்டியில் போட்டு ஏரியின் மறுமுனையிலிருந்து கொண்டுவந்து, எடை பார்த்து, துறையடியில் விட்டால் அவை குஞ்சுகளிடம் திரும்பிப் போவது எப்படி? அந்தத் துறையின் வாசலில்தான் நாங்கள் மீன் இனத்துக்கு ஆபத்து என்று எழுதாத குறையாகப் பலகை வைத்திருக்கிறீர்கள்.

தடை ஆண்டு முழுவதற்கும் என்பதால் எதை எடுத்துவிட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. கரையிலிருந்து பாஸ் பிடிப்பது படகுக்காரர்களின் வேலை மாதிரி இல்லை. மீனைத் தேடிப் போக முடியாது, அது வரும்வரை பார்த்திருக்க வேண்டும். ஜூலையில் விடிகிற நேரமும் இருள்கிற நேரமும்தான் எங்களுக்கு. பகலில் மீன் அல்லிக்கொடிக்குக் கீழேயும் களைப் பற்றையின் நிழலிலும் ஒதுங்கிவிடும். அல்லியிலைகளின் மேலே றப்பர் தவளையை இழுத்து, இலைக்கும் இலைக்கும் நடுவிலுள்ள ஓட்டையில் ஒரு நொடி நிறுத்த வேண்டும். தண்ணீர் வெடிக்கும். உடனே சுண்டி இழுத்தால் தவளை வெறுமனே திரும்பி வரும். நூல் பாரமாவதை உணர்ந்த பிறகுதான் இழுக்க வேண்டும். இதைப் பழக எனக்கு ஒரு கோடை முழுக்கப் போனது. செப்டெம்பர் பிறந்து இரவுகள் குளிரத் தொடங்கினால் மீன் பகலிலும் மேயும். ஒக்டோபரில் கரையோரக் களைகள் பழுத்து விழ, ஆழமான பக்கத்தில் இன்னும் பச்சையாக நிற்கிற களை விளிம்புக்கு அவை நகர்ந்துவிடும். அந்த விளிம்புக்குக் கரையிலிருந்து எட்டக்கூடிய பொது இடம் உங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது அந்தத் துறையின் நுனி. மீதிக் கரை முழுக்கத் தனியார் புல்தரை.

அங்கே நிற்கிறவர்கள் யார்? இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் வருகிற தொழிற்சாலைக்காரர், பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிவருகிற தாய், ட்றக் ஓட்டுநர், ஓய்வுபெற்றவர். தமிழர், பிலிப்பினோ, சீனர், கயானாக்காரர், உங்கள் ஊர் வெள்ளைக்காரக் கிழவர்கள் இரண்டு பேர். ஒரு நல்ல பாஸ் படகின் விலை எங்களில் பலருக்கு வீட்டின் முன்பணம். ஆனால் லைசென்ஸுக்கு நாங்களும் அதே காசுதான் கட்டுகிறோம்: அவுட்டோர்ஸ் கார்டுக்கு (லைசென்ஸோடு வைத்திருக்க வேண்டிய அட்டைக்கு) 8.57 டொலர், ஓராண்டு ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 26.57 டொலர். அந்தப் பணம் இந்த மாகாணத்தின் மீனுக்கும் காட்டுயிருக்கும் என்று தனியாக ஒதுக்கிய கணக்கில் சேருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், விரும்பிச் சொல்லவில்லை. 2007இல் சிம்கோ ஏரிப் பக்கமும் ஒன்ராறியோவின் வேறு சில இடங்களிலும் துறைகளிலும் பாலங்களிலும் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆசியக் கனடியர்களைத் தாக்கினார்கள். சிலரைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார்கள், தூண்டில் பெட்டிகளை உடைத்தார்கள். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரித்து 2008இல் அறிக்கை வெளியிட்டது. அன்றைக்கு அந்தத் தாக்குதல்களுக்குச் சொல்லப்பட்ட சாக்கும் இதுதான்: வெளியிலிருந்து வருகிறவர்கள் பருவம் பார்ப்பதில்லை, அளவு பார்ப்பதில்லை. உங்கள் சபையில் யாரும் அப்படி நினைக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரையில் நிற்கிறவர்களை மட்டும் குறிப்பிட்டுத் தடை போட்டு, காரணத்தில் பருவமீறல் என்று எழுதினால், ஊரார் அதை எப்படி வாசிப்பார்கள் என்பதை யோசிக்கிற பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. பலகை வந்தபிறகு வாகனத் தரிப்பிடத்தில் எங்களைப் பார்த்து ஹோர்ன் அடித்துவிட்டுப் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

குப்பை போடுகிறார்கள் என்பது உண்மை. மண்புழு டப்பாக்களும் அறுந்த நூலும் கிடக்கின்றன. குப்பைத் தொட்டிகள் இரண்டும் வாகனத் தரிப்பிடத்தின் மறுகோடியில் இருக்கின்றன, துறையில் ஒன்றும் இல்லை. தரிப்பிடத்தில் பெரும்பகுதியை ட்றெயிலருக்கென்று கோடு போட்டிருக்கிறீர்கள், மிச்ச வாகனங்கள் தெருவோரம் நிற்கின்றன. இரண்டுமே ஒரு வாரத்தில் சீர்செய்யக்கூடியவை.

இனி எங்கள் ஆட்களுக்கு இரண்டு வார்த்தை. மே மாதத்தில் கூட்டில் நிற்கிற பாஸைத் தூக்கிக்கொண்டு படம் போடுகிறவர்களே, உங்களால்தான் இந்தப் பலகைக்கு ஒரு காரணம் கிடைத்தது. “தெரியாது அண்ணை” என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். உண்மையாகவே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். புதிதாக வந்தவர் ஒருவரின் வாளியில் றொக் பாஸ் மூன்றும் சின்ன லார்ஜ்மவுத் ஒன்றும் சேர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். றொக் பாஸுக்கு மூடிய பருவம் இல்லை, மற்றதற்கு உண்டு. லார்ஜ்மவுத்தின் பக்கவாட்டில் தலை முதல் வால் வரை கரும்பட்டை ஓடும், வாய் மூடியிருக்கும்போது மேல்தாடை கண்ணைத் தாண்டி நிற்கும். றொக் பாஸின் கண் சிவப்பு, உடல் குட்டை. காட்டியதும் அவர் உடனே தண்ணீருக்குள் விட்டுவிட்டார். இந்தப் படத்தைப் போட்டு ஒரு பலகை வைத்திருந்தால் அது அவரது வாளிக்கே போயிருக்காது.

சபையாரே, நான் கேட்பவை இவை. ஆண்டு முழுவதற்குமான தடையை ஜூன் மூன்றாம் சனிக்கிழமைக்கு முன் நீக்குங்கள். கூடுகளைப் பாதுகாக்க விரும்பினால் மணல் திட்டையும் நாணல் வளைவையும் மே முதல் பருவம் திறக்கும்வரை மிதவை கட்டி ஒதுக்க வழி உண்டா என்று இயற்கைவள அமைச்சிடமும் மற்ற அதிகாரிகளிடமும் கேளுங்கள். அப்படி ஒதுக்கினால் அது படகுக்கும் கரைக்கும் கொட்டேஜ் மேடைக்கும் ஒரே மாதிரிப் பொருந்தட்டும். மே, ஜூன் வார இறுதிகளில் கொன்சர்வேஷன் அலுவலர்களின் சோதனை வேண்டும் என்று அமைச்சுக்கு எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தை எங்களுக்கும் காட்டுங்கள். தடைப் பலகை இருக்கிற அதே கம்பத்தில் மீன்களின் படமும் பருவத் திகதியும் போட்டு, ஆங்கிலத்தோடு தமிழிலும் சீனத்திலும் பிலிப்பினோக்களின் தகாலொக் மொழியிலும் எழுதிய பலகை வையுங்கள். தமிழ் வாசகத்தை நான் காசில்லாமல் எழுதித் தருகிறேன். படகுச் சரிவில் எஞ்சினால் ஏற்றுவதைத் தடுக்கும் அறிவித்தல் வையுங்கள். துறையின் வாசலில் ஒரு குப்பைத் தொட்டியும், அறுந்த நூல் போடுகிற குழாய் ஒன்றும் வையுங்கள். பருவம் திறந்த முதல் இரண்டு வாரங்களுக்கு, மீனைத் துறைக்குக் கொண்டுவந்து எடை பார்க்கிற போட்டிகளுக்கு அனுமதி கொடுக்காதீர்கள். பிடித்த இடத்திலேயே அளந்து படமெடுத்து விடுகிற முறையில் நடத்தச் சொல்லலாம்.

தடை தொடர வேண்டும் என்றுதான் நினைக்கிறீர்களென்றால், அடுத்த பொதுக்கூட்டத்தில் அதை நிகழ்ச்சிநிரலில் போட்டு, இந்தத் துறையில் எத்தனை பருவமீறல்கள் பதிவாகின, அவற்றில் எத்தனை கரையிலிருந்து, எத்தனை படகிலிருந்து என்ற கணக்கைச் சபையில் வையுங்கள். அந்தக் கூட்டத்தில் பேச எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்று எழுத்தர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். மாமாவும் வருவார். அவருக்கு நான் மொழிபெயர்ப்பேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து வரும் கரை மீன்பிடிக்காரன்